சிவப்புக் கோட்டும் பனையோலையும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள்.

இத்துடன் இணைத்திருக்கும் ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். செக்கச் சிவந்த பட்டாளக் கோட்டில் அறுபது வயது தாண்டிய ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். அவரைச் சுற்றி மூன்று இந்தியர்கள். ஒருவர் கையில் ஓலைச்சுவடி, இன்னொருவர் கையில் தொலைநோக்கி. பின்னால் தூரத்தில் கோமடேசுவரர் சிலை தெரிகிறது. 1816-இல் சென்னையில் தாமஸ் ஹிக்கி என்ற ஐரிஷ் ஓவியர் வரைந்தது. இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

கோட்டுக்காரரின் பெயர் காலின் மெக்கன்சி. இந்தியா முழுமைக்கும் முதல் சர்வேயர் ஜெனரல். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் வந்து போகிறவர். 'மெக்கன்சி சுவடிகள்' என்று வாத்தியார் சொல்வார், பிள்ளைகள் அடிக்கோடு போடுவார்கள், அதோடு சரி. ஆனால் நம் கரிசல் பூமியில் இருந்த பாளையக்காரர்களின் கதை இன்றைக்கு எழுத்தில் கிடைக்கிறது என்றால் அதில் இந்த மனிதருக்கு ஒரு பங்கு உண்டு. அதே சமயம், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மண்ணோடு மண்ணாக்கியவர்கள் போட்டிருந்ததும் இதே சிவப்புக் கோட்டுதான். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

முதலில் அந்தக் கோட்டைப் பற்றி.

இங்கிலாந்துப் பட்டாளத்துக்குச் சிவப்பு நிறம் வந்தது 1645-இல். கம்பெனிக்காரர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். சாதாரணச் சிப்பாய்க்கு மஞ்சிட்டி வேர்ச் சாயம் ஏற்றிய, சற்று மங்கிய சிவப்பு. அதிகாரிக்குக் கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுத்த, கண்ணைப் பறிக்கும் சிவப்பு. தூரத்தில் வரும்போதே யார் தலைவன், யார் தொண்டன் என்று நிறத்தை வைத்துச் சொல்லிவிடலாம். துணியோ கம்பளி. சித்திரை வெயிலில் கயத்தாறு பொட்டலில் கம்பளிக் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்கள் என்றால் நினைத்துப் பாருங்கள். நமக்கு நூல் துண்டே பாரமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. கம்பெனிப் பட்டாளத்தில் பெரும்பகுதி நம் ஆட்கள்தான். தமிழ், தெலுங்கு பேசும் சிப்பாய்கள். மேலே வெள்ளைக்காரன் வெட்டில் சிவப்புக் கோட்டு, கீழே அரைக்கால் சராய், தலையில் முண்டாசு, காலில் செருப்பு. பாதி அவன், பாதி நாம். அந்த உடையில் மிச்சம் இருந்த நம் பாதியிலும் கை வைத்தபோதுதான் வேலூரில் வெடித்தது. புது மாதிரித் தலைப்பாகை, அதில் தோலில் செய்த குஞ்சம், நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியைக் கத்தரிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். 1806 ஜூலை 10-ஆம் தேதி விடிவதற்குள் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. சீருடை என்பது வெறும் துணி இல்லை என்று வகுப்பில் சொல்வேனே, நினைவிருக்கிறதா? இதை வைத்துத்தான் சொன்னேன்.

சரி, ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏன் இத்தனை பேர் இந்தக் கோட்டுக்குள் புகுந்தார்கள்? ஊரில் பிழைப்பு இல்லை, அவ்வளவுதான். வடக்கே மலைநாடும் தீவுகளும் நம் வானம் பார்த்த பூமி போல. கல்லும் குளிரும்தான் விளைச்சல். படித்த பையனுக்கு வேலை இல்லை, படிக்காதவனுக்கு நிலம் இல்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் ரங்கூனுக்கும் சிலோனுக்கும் போன மாதிரி அவர்கள் பட்டாளத்துக்கும் கப்பலுக்கும் போனார்கள்.

இதில் ஒரு கிளைக்கதை சொல்லாமல் போக மனம் வரவில்லை. ராபர்ட் பர்ன்ஸ் என்று ஸ்காட்லாந்தின் மகாகவி. ஆங்கிலப் புத்தாண்டு இரவில் உலகம் முழுக்கப் பாடுகிறார்களே ஒரு பழைய நட்புப் பாட்டு, அது அவர் எழுதிக் கொடுத்தது. அவரும் 1786-இல் வறுமை தாங்காமல் ஜமைக்காவுக்குக் கப்பலேறப் பார்த்தவர். பிரெஞ்சுக்காரன் படையெடுத்து வந்துவிடுவான் என்ற பயத்தில் அந்தக் காலத்தில் பிரிட்டன் முழுக்க ஊருக்கு ஊர் தொண்டர்படை திரட்டினார்கள். சம்பளப் பட்டாளம் இல்லை, ஊர்க்காரர்களே சேர்ந்து கவாத்துப் பழகுவது. 1795-இல் டம்ஃப்ரீஸ் ஊரில் அமைந்த தொண்டர்படையில் பர்ன்ஸ் சேர்ந்தார். சீருடையை அவரவர் செலவில்தான் தைத்துக்கொள்ள வேண்டும். தைத்தார். காசு கொடுக்க முடியவில்லை. 1796 ஜூலையில் நோயில் படுக்கையாய்க் கிடந்தபோது அந்தத் துணிக்காரரின் 7 பவுண்டுச் சொச்சம் பாக்கிக்கு நெருக்கடி வந்தது. கைதாகிவிடுவோமோ என்று பயந்து, ஜூலை 12-ஆம் தேதி சொந்தக்காரருக்கும் பதிப்பாளருக்கும் பணம் கேட்டுக் கடிதம் எழுதினார். 21-ஆம் தேதி இறந்துவிட்டார். வயது 37. அந்தத் தொண்டர்படைதான் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தது. எட்டயபுரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்களான நமக்கு, கடன் சுமந்த கவிஞனின் கதையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது மெக்கன்சிக்கு வருவோம்.

ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே கடலுக்குள் லூயிஸ் என்ற தீவு. அதன் தென்பாதிக்கு ஹாரிஸ் என்று பெயர். பெயர்தான் இரண்டு, நிலம் ஒன்றுதான். அங்கே ஸ்டோர்னோவே என்ற துறைமுகத்தில் 1754 வாக்கில் பிறந்தவர் மெக்கன்சி. அப்பா வியாபாரி, அந்த ஊரின் முதல் போஸ்ட்மாஸ்டர். மகனுக்குச் சுங்க அலுவலகத்தில் உத்தியோகம் கிடைத்தது. நல்ல உத்தியோகம்தான். ஆனால் ஆளுக்குக் கணக்கில் ஒரு கிறுக்கு.

லாகரிதம் டேபிள் ஞாபகம் இருக்கிறதா? பொதுத்தேர்வுக்குக் கையில் வைத்துக்கொண்டு திரிவீர்களே, அதைக் கண்டுபிடித்து 1614-இல் வெளியிட்ட ஜான் நேப்பியர் ஸ்காட்லாந்துக்காரர். அவர் வம்சத்தில் வந்த நேப்பியர் பிரபு ஒருவர் தம் முன்னோரின் வரலாற்றை எழுத ஆசைப்பட்டார். பழைய இந்தியாவில் கணக்கு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டியிருந்தது. அந்த விஷயத்தைச் சேகரிக்கும் வேலையில் மெக்கன்சிக்கும் பங்கு வந்தது. அங்கேதான் இந்தியா என்ற பெயர் அவர் மண்டைக்குள் நுழைந்தது. (சென்னை நேப்பியர் பாலம் இருக்கிறதே, அதன் பெயருக்குரிய கவர்னரும் பின்னாளில் அதே வம்சத்தில் வந்தவர்தான்.)

1783 செப்டம்பரில் சென்னையில் வந்து இறங்கினார். பதினைந்து பதினாறு வயதுப் பையன்கள் கேடட்டாகச் சேரும் பட்டாளத்தில் கிட்டத்தட்ட முப்பது வயதில் கேடட். முதலில் காலாட்படை, பிறகு இன்ஜினியர் பிரிவு. மறுபடி ஸ்காட்லாந்து மண்ணை அவர் மிதிக்கவே இல்லை.

வந்ததும் அவருக்கு மதுரைத் தொடர்பு ஏற்பட்டது. நேப்பியர் பிரபுவின் மகள் ஹெஸ்டர், கணவர் சாமுவேல் ஜான்ஸ்டனோடு மதுரையில் இருந்தார். அந்த அம்மாள் மதுரைப் பண்டிதர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து இந்துக்களின் கணிதம் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். மெக்கன்சியையும் அழைத்தார். அந்தப் பேச்சுகளில்தான் தமக்கு இந்த நாட்டுப் பழமையில் ருசி ஏற்பட்டது என்று மெக்கன்சி கருதினார். இதைப் பின்னாளில் பாராளுமன்றக் குழுவின் முன் சொன்னவர், ஹெஸ்டரின் மகனும் இலங்கையில் தலைமை நீதிபதியாக இருந்தவருமான அலெக்சாண்டர் ஜான்ஸ்டன்.

ருசி வந்ததே தவிர வேலை நடக்கவில்லை. பதின்மூன்று வருடம் போர், முகாம், கோட்டை, பாலம் என்றே போயிற்று. அதைவிடப் பெரிய தடை, அவருக்கு நம் மொழி எதுவும் தெரியாது. கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. 1796-இல் இலங்கைப் படையெடுப்பு முடிந்து திரும்பியபோது ஏலூரைச் சேர்ந்த காவலி வெங்கட போரய்யா என்ற இருபது வயது இளைஞர் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். தெலுங்கர், பல மொழி தெரிந்தவர். எந்தக் கிராமத்தில் யாரிடம் எப்படிப் பேசினால் ஏடு வெளியே வரும் என்று தெரிந்த ஆள். மெக்கன்சியே பின்னால் ஒரு கடிதத்தில், இந்த இளைஞர் வந்த பிறகுதான் தமக்கு இந்திய அறிவின் வாசல் திறந்தது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். ஒரு அதிகாரி தம்மிடம் வேலை பார்ப்பவரைப் பற்றி இப்படி எழுதுவது அந்தக் காலத்தில் சாதாரணம் இல்லை. இந்தக் காலத்திலும்தான். போரய்யா 1803-இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். தம்பி லட்சுமய்யா அந்த இடத்துக்கு வந்தார். ஓவியத்தில் இருக்கும் மூவரில் ஒருவர் அவர். ஓலை வைத்திருப்பவர் தர்மய்யா, மைசூர்ப் பக்கத்துச் சமணப் பண்டிதர். தொலைநோக்கி வைத்திருப்பவர் கிருஷ்ணாஜி, சர்வே பியூன்.

1799-ஐக் கவனியுங்கள். அந்த வருடம் மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு மாண்டார். அந்த முற்றுகையில் இன்ஜினியராக மெக்கன்சி இருந்தார். செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அக்டோபர் 16-ஆம் தேதி நம் கயத்தாற்றில் கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். ஒரே வருடம், ஒரே கோட்டு.

அடுத்தது 1801 பிப்ரவரி 2. பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலே தம் தோட்டவீட்டில் விருந்து வைத்திருந்த நேரத்தில், சிறையிலிருந்து ஊமைத்துரையும் கூட்டாளிகளும் தப்பினார்கள். இடித்துத் தள்ளிய கோட்டையைச் சில நாளில் மறுபடி எழுப்பிவிட்டார்கள். மார்ச் 31-ஆம் தேதி கம்பெனிப்படை ஏறித் தாக்கியபோது, முன்னணியில் போன 120 ஐரோப்பியரில் காயமில்லாமல் திரும்பியவர்கள் 46 பேர்தான். நம் நாட்டுச் சிப்பாய்களின் இழப்பு அதைவிடப் பெரிது. அந்தக் கோட்டுகளுக்குள் இருந்தவர்களும் ஏதோ ஒரு ஊர்த் தாயின் பிள்ளைகள். மே 24-ஆம் தேதி கோட்டை விழுந்தது. ஊமைத்துரை அம்மை கண்டவர் போல வேப்பிலையோடு கிடத்தப்பட்டுத் தப்பிய கதையை எழுதிவைத்தவரும் ஒரு சிவப்புக் கோட்டுக்காரர்தான், ஜேம்ஸ் வெல்ஷ். அவர் புத்தகம் 1830-இல் வந்தது. கால்டுவெல் தம் திருநெல்வேலி சரித்திரத்தில் அதிலிருந்து நிறைய எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அந்த மேஜர் மெக்காலே யார்? காலின் மெக்காலே. நம் கல்வித்திட்டத்தைத் திட்டும்போதெல்லாம் 'மெக்காலே கல்வி' என்கிறோமே, அந்த மெக்காலேயின் பெரியப்பா. இவர்களுடைய குடும்பம் ஸ்காட்லாந்துத் தீவுக் குடும்பம். காலினின் தாத்தா ஹாரிஸில் பாதிரியாராக இருந்தவர். அதாவது மெக்கன்சி பிறந்த அதே நிலத்துண்டு.

இன்னும் ஒன்று. பிள்ளை மெக்காலே தம் பிரசித்தி பெற்ற கல்விக் குறிப்பை எழுதிய தேதி 1835 பிப்ரவரி 2. பெரியப்பா கோட்டைவிட்ட அதே பிப்ரவரி 2. தற்செயல்தான், இதில் ஜோசியம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் குறிப்பில் அவர் சொன்னது என்ன? ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு அலமாரி, இந்திய அரபு இலக்கியம் முழுவதற்கும் சமம் என்றார். அதை எழுதியது கல்கத்தாவில். அதே கல்கத்தாவில்தான் அதற்குப் பதினான்கு வருடம் முன்பு மெக்கன்சி இறந்தபோது வீடு நிறையச் சுவடிகள் இருந்தன. கணக்கெடுத்தபோது 1,568 இலக்கியச் சுவடிகள், 2,070 ஊர் வரலாறுகள், 8,076 கல்வெட்டுப் படிகள், 2,159 மொழிபெயர்ப்புகள், 2,630 சித்திரங்கள், 6,218 நாணயங்கள். ஒரே தீவில் வேர் உள்ள இரண்டு பேர். ஒருவர் நம் மொழிகள் தெரியாமலே அலமாரி அலமாரியாகச் சேர்த்தார். இன்னொருவர் அதே தெரியாமையோடு ஒரு அலமாரி போதும் என்றார்.

மெக்கன்சியை உத்தமராக ஆக்க எனக்கு ஆசை இல்லை. மைசூரில் 40,000 சதுர மைலுக்கு மேல் அளந்தார் என்றால் அது வரி போடவும் பீரங்கி இழுக்கவும்தான் முதலில் உதவியது. ஏடு கேட்டுப் போன அவருடைய ஆட்களைக் கண்டு ஊர்க்காரர்கள் மிரண்டார்கள். நிலத்தைப் பிடுங்க வருகிறானோ, மானியத்தை நிறுத்துவானோ என்ற பயம். நியாயமான பயம். தாலுகாவுக்கு ஒரு பக்கம், யூனியனுக்கு ஒரு பக்கம் என்று அலைந்த நம் ஃபிர்கா மக்களுக்குத் தெரியும், மேலிடத்தில் ஒருவர் கோடு போட்டால் கீழே எத்தனை பேர் கால் தேய நடக்க வேண்டும் என்று.

ஆனாலும் அப்படிச் சேர்த்ததில்தான் பாளையக்காரர் கைபீதுகள் வந்தன. கைபீது என்றால் தன் பரம்பரையையும் உரிமையையும் சொல்லும் விண்ணப்ப வரலாறு. எங்கிருந்து வந்தோம், மதுரை விசுவநாத நாயக்கரிடம் என்ன பெற்றோம், 72 பாளையத்தில் நமக்கு எந்த இடம், யாரோடு சண்டை, யாருக்குச் சேவகம் என்று வரிசையாக வரும். கோட்டைகள் இடிந்து, 1803-இல் இந்தச் சீமையில் ஜமீன் ஏற்பாடு வந்த காலத்தில், கொடிவழியைச் சொல்லித்தான் உரிமையைக் காட்ட வேண்டியிருந்தது. அதனால் பெருமையும் கலந்திருக்கும், மறைத்ததும் இருக்கும். நம் இளையரசனேந்தலும் பாளையம், ஜமீன் என்று அந்தப் படியில் வந்த ஊர்தானே. இவற்றில் பலவற்றைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 'பாளையப்பட்டுக்களின் வம்சாவளி' என்று புத்தகமாகவே வெளியிட்டது. அந்த நடையைப் படிக்க வேண்டும். இலக்கணப் பிழை, தெலுங்கு வாடை, கோர்ட்டு வார்த்தை எல்லாம் கலந்து நேரில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும்.

சேர்க்காமல் விட்டவை என்ன ஆயின? தூரம் போக வேண்டாம், சங்கரன்கோவில் பக்கம் கரிவலம்வந்தநல்லூர். வரதுங்கராம பாண்டியர் காலத்து ஏடுகள் அந்தக் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே.சாமிநாதையர் ஆசையோடு போனார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போடுவது சாஸ்திரம் என்று சொல்லி எரித்துவிட்டார்களாம். ஐயர் துடித்துப் போனதை அவரே எழுதியிருக்கிறார். அதை எரித்தது எந்தச் சிவப்புக் கோட்டும் இல்லை.

1811-இல் மெக்கன்சி படையோடு ஜாவா போனார். அங்கேயும் இடிந்த கோயில்களை அளந்தார். மறு வருடம் பெட்ரோனெல்லா பார்ட்டெல்ஸ் என்ற பெண்ணை மணந்தார். 1815-இல் இந்திய சர்வேயர் ஜெனரல் பதவி. அடுத்த வருடம்தான் ஹிக்கி வரைந்தது. பிறகு கல்கத்தா மாற்றம். லட்சுமய்யாவும் பண்டிதர்களும் கூடவே போனார்கள். தென்னாட்டுப் பண்டிதர்களுக்கு வங்காளம் பரதேசம்தான். எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி எழுத வேண்டும் என்று மெக்கன்சிக்குத் திட்டம் இருந்தது. நடக்கவில்லை. 1821 மே 8-ஆம் தேதி கல்கத்தா அருகே படகில் போகும்போது இறந்தார். பார்க் ஸ்ட்ரீட் கல்லறையில் இருக்கிறார். அவர் சொந்தமாகச் செலவழித்தது 15,000 பவுண்டுக்கு மேல் என்று ஜான்ஸ்டன் சொன்னார். விதவையிடமிருந்து கம்பெனி 10,000 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது.

லட்சுமய்யா கதைதான் எனக்கு மனசு ஆறவில்லை. இருபது வருடத்துக்கு மேல் இந்தச் சேகரிப்போடு வாழ்ந்தவர், வேலையைத் தாமே தொடர்ந்து நடத்துகிறேன் என்று விண்ணப்பித்தார். கல்கத்தா ஆசியச் சங்கத்தில் ஜேம்ஸ் பிரின்செப் மறுத்துவிட்டார். அசோகர் கல்வெட்டைப் படித்துக் காட்டிய அதே பிரின்செப். தகவல் சேகரிக்க இந்தியர் போதும், ஆராய்ந்து எழுதும் தகுதி அவருக்கு இராது என்பதுதான் சாரம். வேலை வில்லியம் டெய்லர் என்ற பாதிரியாருக்குப் போயிற்று. முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் நின்ற எனக்கு, தகுதி உள்ளவனைப் பெயர் பார்த்துத் தள்ளுவது எப்படி வலிக்கும் என்று தெரியும். உங்களில் சிலருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

2017-இல் மெக்கன்சியின் சேகரிப்பிலிருந்து எடுத்து ஸ்டோர்னோவேயில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். இருநூறு வருடத்துக்குப் பிறகு அந்தத் தீவு ஜனங்கள் தங்கள் ஊர்ப் பையன் என்னென்ன சேர்த்தான் என்று பார்த்தார்கள். நம் ஊர்ச் சரக்கைப் பார்க்க அவர்கள் வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

இதை எழுதியதற்கு ஒரு காரணமும் உண்டு. கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் வீடு ஒதுக்குவீர்கள். பரணிலோ பழைய பத்தாயத்திலோ ஓலைக்கட்டு ஏதாவது கண்ணில் பட்டால் போகித் தீயிலோ ஆற்றிலோ போட்டுவிடாதீர்கள். கயிற்றை அவசரப்பட்டு அவிழ்க்கவும் வேண்டாம், ஓலை ஒடிந்துவிடும். ஈரத்துணி வைத்துத் துடைக்காதீர்கள். அப்படியே ஒரு போட்டோ எடுத்து எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். நிலப்பத்திரமாக இருந்தாலும் சரி, வைத்தியமாக இருந்தாலும் சரி, ஜாதகமாக இருந்தாலும் சரி. படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறோம். ஏடு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.